குளவி கொட்டியவரின் பிரஷர்

இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டங்களில் குளவிக் கொட்டு புதிய செய்தி அல்ல. கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போது கூடு கலையும். பத்துப் பேர், பதினைந்து பேர் என்று ஒரே நேரத்தில் பிரதேச வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுவார்கள். இடுப்பில் கட்டிய படங்கைக் கூட அவிழ்க்க நேரம் இருந்திருக்காது.

அப்படி வந்த ஒரு பெண்ணை மனக்கண்ணில் நிறுத்திக்கொள்வோம். வயது ஐம்பது இருக்கும். கழுத்திலும் காதோரத்திலும் நாலைந்து இடத்தில் கொட்டியிருக்கிறது, முகம் வீங்கியிருக்கிறது. தாதி முதல் வேலையாகக் கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்க்கிறார். அதற்குக் காரணம் உண்டு. குளவி விஷம் சிலருக்கு உடல் முழுவதும் ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். இரத்தக் குழாய்கள் ஒரேயடியாகத் தளர்ந்து அழுத்தம் விழுந்துவிடும். அந்த வீழ்ச்சி உயிரையே கொண்டுபோய்விடலாம். ஆகவே தாதி பயந்து தேடுவது தாழ்ந்த எண்ணை. கருவி காட்டுவதோ 170/100.

"அம்மா, உங்களுக்கு பிரஷர் இருக்கா?"

"அப்படி ஒன்னும் இல்லீங்க மிஸ். எனக்குத் தலைவலி கூட வந்ததில்ல."

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. கருவியும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் அந்த 170 எங்கிருந்து வந்தது? கொட்டிய வலியா, பயமா, பல வருடங்களாக உடம்புக்குள் குடியிருந்த நோயா? அதே வாட்டில் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் படுத்திருப்பவர்களில் இன்னும் எத்தனை பேருக்கு இப்படி இருக்கும்? அவர்களை எண்ணினால் தோட்டத்தின் நிலை தெரிந்துவிடுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எட்டடி உயர்ந்த இரத்தம்

இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் ஒரு பாதிரியார். இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ், குதிரை ஒன்றின் நாடியில் குழாயைச் செருகி, அதோடு நீண்ட கண்ணாடிக் குழாயை நிமிர்த்திப் பொருத்தினார். இரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி, ஒவ்வொரு துடிப்புக்கும் உயர்ந்து தாழ்ந்தபடி நின்றது. 1733இல் அவர் அதை நூலாக வெளியிட்டார். நாடியை வெட்டி அளக்கும் முறை மனிதருக்கு உதவாது. அதற்கு எளிய வழி பிறக்க இன்னும் 160 வருடங்களுக்கு மேல் ஆயிற்று. 1896இல் இத்தாலிய வைத்தியர் ரீவா-ரோச்சி, கையைச் சுற்றிக் காற்றடைக்கும் பட்டியையும் இரசக் குழாயையும் இணைத்தார். 1905இல் ரஷ்ய வைத்தியர் நிக்கொலாய் கொரொட்கொவ், பட்டிக்குக் கீழே காதுக்குழாயை வைத்துக் கேட்கச் சொன்னார். பட்டி இளகும்போது 'டப் டப்' என்ற ஒலி தொடங்கும் இடம் மேல் எண். ஒலி அடங்கும் இடம் கீழ் எண். இன்றைக்கு இலக்கக் கருவிகள் வந்துவிட்டாலும் நாம் எழுதுவது அந்த இரு எண்களைத்தான்.

120 என்றால் 120 மில்லிமீற்றர் உயர இரசத்தைத் தாங்கும் விசை. இரசம் மிகக் கனமானது. அதே விசையை இரத்தத்தால் நிரம்பிய குழாயில் பார்த்தால் ஏறக்குறைய ஐந்தடி உயரம் வரும். 160 ஆனால் ஆறே முக்கால் அடி. இதயம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு இலட்சம் தடவை துடிக்கிறது. அத்தனை தடவையும் அந்த மேலதிக விசை மூளையின், சிறுநீரகத்தின், கண்ணின் மெல்லிய குழாய்களில் மோதுகிறது. குழாய்ச் சுவர் தடிக்கிறது, இறுகுகிறது. அது தடிக்கும்போது வலிப்பதில்லை. தலைவலியே வந்ததில்லை என்று அந்த அம்மா சொன்னது இதனால்தான். பலருக்கு முதல் அறிகுறியாக வருவது பாரிசவாதமோ மாரடைப்போதான்.

இந்த விசைக்கு என்ன விலை என்பது 2002இல் பெரிய அளவில் கணக்கிடப்பட்டது. 61 ஆய்வுகளில் இருந்த சுமார் பத்து இலட்சம் பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 40 முதல் 69 வயது வரையானவர்களில், 115/75இலிருந்து மேல் எண் 20 கூடும்போதெல்லாம், அல்லது கீழ் எண் 10 கூடும்போதெல்லாம், பாரிசவாதத்தாலும் இதய நோயாலும் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது. குறைத்தால் பலன் உண்டா என்பதற்கு அதற்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது. 1967இல் அமெரிக்காவின் முன்னாள் படையினர் வைத்தியசாலைகளில் கடும் அழுத்தம் கொண்ட 143 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. வெறும் மாத்திரை பெற்ற 70 பேரில் 27 பேருக்குப் பெரிய பாதிப்புகள் வந்தன. உண்மை மாத்திரை பெற்ற 73 பேரில் இருவருக்கு மட்டுமே வந்தன.

வாட்டில் எத்தனை பேர்?

வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறுகிறவர்களில் எத்தனை பேருக்கு உயர் அழுத்தம் இருக்கிறது என்று பல நாடுகளில் எண்ணியிருக்கிறார்கள். 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், வெவ்வேறு ஆய்வுகளின் கணக்கு 50.5 வீதத்திலிருந்து 72 வீதம் வரை இருந்தது. வாட்டில் இரண்டு கட்டிலுக்கு ஒரு கட்டில், சில இடங்களில் அதற்கும் மேல். 2021இல் வெளியான இன்னோர் ஆய்வு, அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இதய நோய் அல்லாத காரணங்களுக்காக அனுமதிக்கப்பட்ட 22,834 பேரைப் பார்த்தது. அவர்களில் 78 வீதமானோருக்கு, தங்கியிருந்த நாட்களில் ஒரு தடவையாவது உயர்ந்த எண் பதிவாகியிருந்தது.

இந்த எண்கள் இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, நோயே அவர்களை அங்கே கொண்டுவந்திருக்கிறது. பாரிசவாதம், மாரடைப்பு, சிறுநீரகப் பழுது ஆகியவற்றுக்குப் பின்னால் பல வேளைகளில் நிற்பது பிரஷர். வயதானவர்களே வாட்டில் அதிகம். வயதோடு அழுத்தமும் ஏறும்.

இரண்டாவது, வைத்தியசாலையே எண்ணை ஏற்றிவிடும். வலி, பயம், தூக்கமின்மை, அடக்கிவைத்த சிறுநீர், மலையிலிருந்து மூச்சிரைக்க நடந்து வந்த களைப்பு, பக்கத்துக் கட்டிலின் அழுகை எல்லாமே அழுத்தத்தைக் கூட்டும். கையின் பருமனுக்குப் பட்டி சிறிதாக இருந்தால் இல்லாத உயர்வைக் காட்டும். பேசிக்கொண்டே இருந்தாலும், கையைத் தொங்கவிட்டாலும், காலுக்கு மேல் கால் போட்டாலும் எண் கூடும். வெள்ளை அங்கியைக் கண்டதும் ஏறி, வீட்டுக்குப் போனதும் இறங்கும் அழுத்தமும் உண்டு. இதற்கு நேர்மாறாக, வைத்தியர் முன்னால் ஒழுங்காக இருந்து வீட்டில் உயரும் அழுத்தமும் உண்டு. அது இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அது யார் கண்ணிலும் படாது.

மூன்றாவது காரணம் கணக்கில் இருக்கிறது. 1946இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜோசப் பெர்க்சன் இதை விளக்கினார். சீனி வருத்தம் மட்டும் உள்ளவர் வைத்தியசாலைக்கு வர ஒரு வழி இருக்கிறது. சீனி வருத்தமும் பிரஷரும் சேர்ந்து உள்ளவருக்கு இரண்டு வழி. ஆகவே இரண்டும் உள்ளவர்கள் வாட்டில் அதிகமாகத் தென்படுவார்கள். அதைப் பார்த்து, ஊரிலும் இப்படித்தான் என்று சொன்னால் தவறாகிவிடும். வைத்தியசாலை ஊரிலிருந்து நோயாளிகளைச் சலித்தெடுத்த இடம். சலித்த மாவைக் கையில் எடுத்து, மூட்டை முழுவதும் இப்படித்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் குளவி கொட்டிய அம்மாவின் 170ஐ என்ன செய்வது? உடனே ஊசி போட்டு இறக்க வேண்டுமா? கிளீவ்லாந்து ஆய்வு இதில் ஓர் எச்சரிக்கை தருகிறது. உயர்ந்த எண்ணைக் கண்டதும் மருந்தைக் கூட்டிய நோயாளிகளிடம் சிறுநீரகப் பாதிப்பும் இதயத் தசைப் பாதிப்பும் அதிகமாகக் காணப்பட்டன. பழகிய அழுத்தத்தைத் திடீரென்று வீழ்த்தினால் உறுப்புகளுக்கு இரத்தம் போதாமல் போகலாம். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல், பேச்சுக் குளறல் இருந்தால் அது வேறு கதை, அதற்கு அவசர சிகிச்சை வேண்டும்.

அதற்காக, "பயத்தில் ஏறியிருக்கும், போய் வாருங்கள்" என்று அனுப்பிவிடுவதும் பிழை. அந்த 2011 தொகுப்பாய்வே காட்டுவதுபோல், வாட்டில் உயர்ந்திருந்த அழுத்தம் பலருக்கு வீட்டுக்குப் போகும் நாளிலும் உயர்ந்தே இருக்கிறது. வேறு வேறு நாட்களில் அளந்தும் எண் 140/90 என்ற வரம்பைத் தொட்டால்தான் நோய் என்று முடிவு செய்வார்கள். ஆகவே அந்த 170ஐ, நாம் திரும்பத் தேடிப் போகவேண்டிய ஒரு வீட்டின் விலாசமாக எடுத்துக்கொள்ள வேண்டும். வீக்கம் வடிந்து, பயம் தெளிந்து, இரண்டு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து அளக்க வேண்டும். யார் போய் அளப்பது என்பதில்தான் மலையகத்தின் கேள்வி இருக்கிறது.

மலையின் உப்பும் குளிரும்

இலங்கை முழுவதற்குமான தொற்றா நோய்க் கணக்கெடுப்பு 2015இல் நடந்தபோது, வளர்ந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அழுத்தம் உயர்ந்திருந்தது. 2021இல் அது மூன்றில் ஒருவர் என்ற அளவுக்கு வந்துவிட்டது. உடலுழைப்பு உள்ளவர்களுக்கு இந்த நோய் வராது என்று ஓர் எண்ணம் நம்மிடையே உண்டு. காலை முதல் மாலை வரை மலை ஏறி இறங்குகிற பெண்ணுக்குப் பிரஷர் எப்படி வரும் என்று கேட்பார்கள்.

அதற்கு அசாம் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஒரு பதில் வந்தது. திப்ருகரில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், 30 வயதும் அதற்கு மேலும் உள்ள தோட்டத் தொழிலாளர்களில் 60.8 வீதமானோருக்கு உயர் அழுத்தம் இருந்தது. இது வைத்தியசாலையில் எண்ணியது அல்ல, தோட்டத்தில் போய் எண்ணியது. உணவிலும் பானத்திலும் சேரும் மேலதிக உப்பு, சாராயம், புகையிலை ஆகியவை காரணங்களில் முன்னால் நின்றன. அங்கே வேலைத் தலத்தில் தொழிலாளர் குடிக்கும் தேத்தண்ணியில் உப்புப் போடுவது வழக்கம். வியர்வையில் போன உப்பை ஈடுகட்டத்தான் என்பார்கள். அசாமின் எண்ணை அப்படியே பொகவந்தலாவைக்குப் பொருத்த முடியாது. அங்கே வெக்கை, இங்கே குளிர், சாப்பாடும் வேறு. ஆனால் உழைப்பு மட்டும் காவலாகாது என்பதை அந்த எண் நமக்குச் சொல்லிவிட்டது.

இங்கே உப்பு வேறு வழியாக வருகிறது. விடிய எழுந்து கோதுமை மா ரொட்டி சுடும்போது மாவில் உப்பு. தொட்டுக்கொள்ளும் கட்டச் சம்பலில் உப்பு. இரவுச் சோற்றுக்குக் கருவாடு என்றால் அது உப்பிலேயே ஊறியது. கறிக்குக் காசில்லாத நாளில் உப்பும் உறைப்பும்தான் சோற்றை இறக்குகின்றன. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடம்பில் சேரும் உப்பு தண்ணீரையும் பிடித்துவைக்கும். அதே குழாய்களில் அதிக நீர் ஓட வேண்டியிருப்பதால் அழுத்தம் ஏறும். குளிர் தோலின் குழாய்களைச் சுருக்கி அதை இன்னும் கூட்டும். வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும், மாலையில் குடிக்கும் சாராயமும் கசிப்பும் தம் பங்கைச் சேர்க்கும்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி மலையேறும் பெண்களுக்கு முதுகும் முழங்காலும் ஓயாமல் வலிக்கும். வலி மாத்திரை இல்லாமல் வேலைக்குப் போக முடியாத நாட்கள் உண்டு. டைக்ளோபெனாக், இபுப்ரோபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி அழுத்தத்தைக் கூட்டும். பிரஷர் மாத்திரையின் வேலையையும் மழுங்கடிக்கும். கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவருக்கு இதை யாராவது சொல்லியாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முந்திய காரணம் பிறப்பிலேயே இருக்கிறது. எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் அழுத்தமும் இதய நோயும் அதிகம் வருவதை, 1980களின் இறுதியிலிருந்து பிரித்தானிய மருத்துவர் டேவிட் பார்க்கர் ஆதாரத்தோடு காட்டினார். அதே காலத்தில், 1988இல், அமெரிக்காவின் பேரி பிரெனர் ஒரு விளக்கம் தந்தார். இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகுகள் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து இலட்சம் வரை உண்டு. அவை உருவாவது தாய் வயிற்றில். பிறந்த பிறகு புதிதாக ஒன்றும் முளைப்பதில்லை. வயிற்றில் இருக்கும்போது போஷாக்குக் குறைந்தால் அலகுகளும் குறைவாகவே அமையும். இருப்பவை வாழ்நாள் முழுவதும் கூடுதல் சுமை இழுக்க வேண்டும். இலங்கையில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் வீதம் தோட்டப்புறத்தில்தான் நாட்டின் சராசரியை விட உயர்ந்து இருந்து வந்திருக்கிறது. ஐம்பது வயதில் காட்டிய அந்த 170இன் ஒரு பகுதி, அவருடைய தாய் வயிற்றுப் பிள்ளையோடு மலையேறி, அரைவயிற்றோடு கொழுந்து பறித்த நாட்களில் எழுதப்பட்டதாக இருக்கலாம்.

வராதவர்களின் கணக்கு

வாட்டில் இருப்பவர்களை எண்ணிவிடலாம். வைத்தியசாலைக்கே வராதவர்களை எப்படி எண்ணுவது? 2019இல் உலகில் 30 முதல் 79 வயது வரையான 128 கோடிப் பேருக்கு உயர் அழுத்தம் இருந்ததாகக் கணிக்கப்பட்டது. அவர்களில் 46 வீதமானோருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் ஐந்தில் ஒருவர்தான்.

தோட்டத்தில் ஒருவர் கிளினிக்குக்குப் போக வேண்டுமென்றால் அன்றைய பேர் போய்விடும். பேர் போனால் அந்த நாள் சம்பளம் இல்லை. பஸ்ஸுக்குக் காசு வேண்டும். வரிசையில் நின்று, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கி, மாத்திரை எடுத்துத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். வலிக்கிற நோய்க்கு இதைச் செய்வார்கள். வலிக்காத நோய்க்கு மாதாமாதம் ஒரு நாள் கூலியை இழக்கச் சொல்வது எளிதல்ல. மாத்திரை முடிந்ததும் விட்டுவிடுகிறார்கள் என்று அவர்களைக் குறை சொல்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 2017 மே மாதம் இந்திய உதவியில் 150 கட்டில்களுடன் டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்குப் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அது இந்தப் பகுதிக்குப் பெரிய பேறு. ஆனால் கட்டில் எவ்வளவு கூடினாலும், மலையிலிருந்து இறங்கி வராதவரின் கையில் பட்டி சுற்றப்படாது.

வழி இருக்கிறது. அதுவும் நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்த வழி. இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில், உயர் அழுத்தம் கொண்ட 2,645 பேரிடம் இரண்டு வருடங்கள் ஓர் ஆய்வு நடந்தது. அரச சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் அழுத்தம் பார்த்தார்கள், உணவையும் மாத்திரையையும் பற்றிப் பேசினார்கள், தேவையானவர்களை வைத்தியரிடம் சேர்த்தார்கள். 2020இல் வெளியான முடிவில், வீடு தேடிப் போன இடங்களில் மேல் எண் சராசரியாக 9 குறைந்திருந்தது. வழக்கமான கவனிப்பு இருந்த இடங்களில் 4 மட்டுமே. வித்தியாசம் 5. சிறிய எண்போலத் தோன்றும். ஆனால் மேல் எண்ணில் 5 குறைந்தாலே மாரடைப்பு, பாரிசவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் பத்தில் ஒன்று குறைகின்றன என்று வேறு பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இலங்கையின் வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 நோயாளிகளிடம் நடந்து 2018இல் வெளியான இன்னோர் ஆய்வு, மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாக்கிக் கொடுத்தது. ஆறு மாதத்தில் 70 வீதமானோர் இலக்கைத் தொட்டார்கள். வழக்கமான சிகிச்சையில் 55 வீதம். ஒரு நாளைக்கு ஒரு குளிசை என்றால் மறக்காமல் விழுங்குவதும் எளிது.

நம் முன்னோர் கப்பலேறி வந்த தமிழ்நாட்டிலும் இது நடக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் பிரஷருக்கும் சீனிக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலில் கொடுக்கிறார்கள்.

தோட்டத்திலும் இதைச் செய்ய இடம் இருக்கிறது. காலையில் பேர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களம் இருக்கிறது. கொழுந்து நிறுக்கும் மடுவம் இருக்கிறது. பறித்த கொழுந்தை ஒவ்வொரு நாளும் தராசில் போட்டுக் கிலோக் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். அதைப் பறித்த கையில் வருடத்துக்கு ஒரு தடவை பட்டி சுற்றி எழுதிக்கொள்ள ஏன் முடியாது? கூடையோடு மேடேறி வந்த உடனே அளந்தால் எண் பிழைக்கும். நிழலில் ஐந்து நிமிடம் உட்காரவைத்தால் போதும்.

ஐந்து நிமிடம்

வீட்டிலோ வைத்தியசாலையிலோ அளக்கும்போது செய்ய வேண்டியவை அதிகமில்லை. அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே தேத்தண்ணியும் வெற்றிலையும் பீடியும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையை நெஞ்சு உயரத்துக்கு மேசையில் வையுங்கள். ஸ்வெட்டருக்கு மேல் பட்டி சுற்ற வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து, இரண்டையும் திகதியோடு எழுதுங்கள்.

அந்த அம்மாவின் வீக்கம் நாளை வடிந்துவிடும். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, 170/100 என்ற எண்ணும் திரும்பி வரவேண்டிய நாளும் அவருடைய கொப்பியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தோட்டத்தின் சுகாதாரப் பணியாளருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் எந்த வருத்தத்துக்காக வைத்தியசாலைக்குப் போனாலும், காய்ச்சலோ காயமோ குளவிக் கொட்டோ, வெளியே வருமுன் ஒன்றைக் கேளுங்கள்: "எனக்குப் பிரஷர் எவ்வளவு?" கேட்டு வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் தாயின் எண்ணும் தகப்பனின் எண்ணும் உங்களுக்குத் தெரியாவிட்டால், இந்த வாரமே அவர்களைக் கூட்டிப் போய் அளந்துவிடுங்கள்.